நடுத்தொண்டை எழுத்து

மேலப்பாளையம் பஜாரில்
கைலிக்கடை மாடியில் வகுப்பு.
ராபியத்துக்கு இருபத்திரண்டு வயது,
தம்மாமில் பள்ளிக்கூடம் படித்தவள்.
எனக்கு முப்பத்தாறு.
அவள் என்னை சிஸ்டர் என்பாள்
நான் அவளை மிஸ் என்பேன்.

முதல் நாளே என் பெயரில் கை வைத்தாள்.
புஷ்பக்கனியின் முதல் எழுத்து
அங்கே கிடையாதாம்.
பஸ்ஸுக்குப் போடுகிற ப-தான் எல்லாவற்றுக்கும்,
பாளையங்கோட்டைக்கும்.
நோட்டில் இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.
ஒரே மாதிரிதான் இருந்தது.

க மட்டும் அவர்களுக்கு இரண்டு.
நாக்கின் பின்பக்கம் சொன்னால் நாய்.
இன்னும் உள்ளே, உள்நாக்கைத் தொட்டுச் சொன்னால்
இதயம்.
‘ஹார்ட் வார்டுல போட்டா பாத்துப் பேசுங்க சிஸ்டர்.’

பாதி வார்த்தை ஏற்கெனவே தெரியும் ஒங்களுக்கு
என்று பலகையில் எழுதினாள்:
அசல். பாக்கி. வசூல். ஜாமீன். ரத்து.
ஏஜெண்டுக்குக் கட்ட நான் வாங்கிய
ஒன்றரை லட்சத்தின் பத்திரத்தை
யாரோ மாட்டிவைத்த மாதிரி இருந்தது.
கடன்சொல் என்று பத்தாம் வகுப்பில் படித்தபோது
இந்த அர்த்தம் தெரியாது.
கடைசியில் அல்வா.
அதுவும் அங்கிருந்து வந்ததுதான்,
ஹ-வை நாம் வழியிலேயே தின்றுவிட்டோம்.
‘ஏஜெண்டு அத மட்டும் தராம இருந்தாச் சரி’ என்றார்
பின்பெஞ்சில் இருந்த முக்கூடல் வெல்டர்.

குளித்து வந்தவரிடம், முடிவெட்டி வந்தவரிடம்
சொல்லவென்றே ஒரு சொல் உண்டு: நயீமன்.
காப்பி போதுமென்றால் வாய் திறக்க வேண்டாம்
குவளையை லேசாக ஆட்டணும்,
ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.
வேலை செய்கிறவரைக் கடந்து போகையில்
யஅதீக்கல் ஆஃபியா, உனக்குத் தெம்பு கிடைக்கட்டும்.
பதினோரு வருஷம்
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தொகுப்பூதியம்.
என்னைக் கடந்து போனவர்கள்
பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அய்ன் மட்டும் வரவில்லை.
நடுத்தொண்டையை இறுக்கி விடணும்
ஆட்டைக் கழுத்தில் பிடிச்சா வரும்லா, அப்படி.
பஸ்ஸில் பழகினேன், பக்கத்து சீட் காலியானது.
வீட்டில் பழகினேன்,
வாந்தி வருதாம்மா என்றான் பையன்.
அமல் என்றால் வேலை.
அய்ன் இல்லாமல் சொன்னால் நம்பிக்கை.
வேலைக்கு வந்திருக்கேன்னு
ஏர்போர்ட்டில் சொல்லத் தெரியணும் சிஸ்டர்,
நம்பிக்கைக்கு வந்திருக்கேன்னு நிக்கக் கூடாது.

ராத்திரி மூன்று மணி.
நாலாம் பெட் பேச்சிமுத்து,
செவ்வாய்ச் சந்தையில் ஆடு பிடிக்கிறவர்.
வலது கையும் பேச்சும் போய் ஒன்பது நாள்.
கீழே பாயில் தூங்குகிற சம்சாரத்தைக் கூப்பிடுகிறார்.
ஒலகம்மை என்பதன் ஒ வெளியே வரவில்லை.
நடுத்தொண்டையில் ஒன்று
மாட்டி
இறுகி
விட்டது.

டிரிப் பாட்டிலும் கையுமாக நின்றேன்.
அதேதான்.
இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன்.
மனுஷருக்குக் கோபம்.
கோபத்தில் இன்னும் சுத்தமாக வந்தது.
நானும் சொன்னேன்.
முறைத்தார். பிறகு என் தப்பைத் திருத்துகிற மாதிரி
மெதுவாகச் சொன்னார்.
எனக்கு ஏழாவது தடவை வந்தது.

ஒலகம்மை எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.
‘ஒம்போது நாளா ஊமையாக் கெடந்தவர
சத்தங் கொடுக்க வச்சிட்டியளேம்மா’ என்று
என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
இல்லை என்று சொல்ல
மூன்று மொழியிலும் வாய் வரவில்லை எனக்கு.

வெந்நீர் கொடுத்தேன்.
பாதியில் இடது கையால்
டம்ளரை லேசாக ஆட்டினார்.
ஊற்றுவதை நிறுத்தினேன்.